மதுரை மாடியில் ஸ்ட்ராபெரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குச் சென்று திரும்பும் மதுரைக்காரர்கள் பலர், சாக்லேட்டோடும் யூகலிப்டஸ் தைலத்தோடும் இரண்டொரு ஸ்ட்ராபெரிச் செடிகளையும் வாங்கி வருகிறார்கள். ஆனி பிறப்பதற்குள் அவை கருகிவிடுகின்றன. 'வருடம் முழுவதும் காய்க்கும்' என்ற பேச்சை நம்பி வாங்கி, இருமுறை ஏமாந்த பிறகே, குறை கைராசியில் இல்லை, பருவத்தில்தான் என்பது எனக்கு விளங்கியது.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலின் குளிரில் செழிக்கும் இச்செடிக்கு 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பமே ஏற்றது. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் நம் மொட்டைமாடியில் அது பிழைக்காது. ஆனால் மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில், நடுக்குருத்து மண்ணில் புதையாமல் நட்டு, வைக்கோல் மூடாக்கு இட்டால், தை பிற்பகுதி தொடங்கி மாசி முடிய ஓரளவு பழம் பறிக்கலாம். பங்குனியில் செடி வாடுவதை இயல்பாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு உப்பு ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியபோது இலை விளிம்புகள் தீய்ந்தன. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுவோர் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம். பிடித்து வைத்த மழைநீரே என் செடிகளைக் காப்பாற்றியது.

அணிலையும் மைனாவையும் தடுக்க முதலாண்டு கொசுவலை போர்த்தினேன். தேனீ நுழைய வழியின்றிப் பழங்கள் கோணலாகின. அடுத்த ஆண்டு மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று போட்டதில் ஓர் அணில் சிக்கித் தவித்தது. வலையை அறுத்து அதை விடுவிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது பூ பிஞ்சான பிறகே, சிறுகண் கம்பிவலை அடித்த சட்டத்தால் மூடுகிறேன்.

நாற்றுப் பண்ணையினர் சமவெளிக்குரிய நடவு மாதத்தைச் செடியிலேயே எழுதிக் கட்டி விற்க வேண்டும். மாடித்தோட்டத்தை ஊக்குவித்துவரும் தோட்டக்கலைத் துறையும் மதுரை வெயிலுக்கேற்ற நடவு நாட்காட்டி ஒன்றை வெளியிட்டு, அதில் இச்செடியையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் வளர்க்கும் வாசகர்,
மதுரை.