அண்ணாவுக்கு, ஒரு கதிரை பற்றி

அண்ணா,

வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். நேரில் கதைக்கலாம் என்றால் அம்மா தேத்தண்ணியோடு வந்து நடுவில் இருந்துவிடுவா. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை நீங்கள் ஒன்று விடாமல் வாசிக்கிறீர்கள் என்று மச்சாள் எப்போதோ சொல்லிவிட்டா. அவவைக் கோபிக்க வேண்டாம்.

இன்றைக்கு மே 10. உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வேறு யாரும் வாசித்தால் அவர்களுக்காக: கிழக்கு லண்டனில், கிரீன் ஸ்ட்ரீட்டில் இருந்த போலின் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகம் 1904 முதல் ஆடியது. சனம் அப்டன் பார்க் என்று சொல்லும். அங்கே கடைசி ஆட்டம் 2016இல் இதே நாள். பிறகு கழகம் ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய மைதானத்துக்குப் போனது. நானும் போனேன். நீங்கள் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் சீசனுக்கு டிக்கெட்டைப் புதுப்பிக்கும்போது ஸ்ட்ராட்ஃபோர்டில் உங்கள் கதிரையை விட்டுவிடப் போகிறேன். பத்து வருஷம் உங்கள் பெயரில் காசு கட்டியாயிற்று. சின்னவனின் பள்ளிக்கூடத்துப் பொடியள், ஒருமுறை எங்கள் பல் டாக்டர், போன வருஷம் முழுக்க என்னுடைய கோட். இவ்வளவு பேரும் அதில் இருந்து பார்த்துவிட்டார்கள், உங்களைத் தவிர.

போலினின் அந்தக் கடைசி இரவைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாரும் எதிரணி மான்செஸ்டர் யுனைட்டெட்டின் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். அது சனத்துக்குள் மாட்டிக்கொண்டது, போத்தல்கள் பறந்தது, 7.45 மணி ஆட்டம் 8.30க்குத் தொடங்கியது. எனக்கு ஞாபகத்தில் நிற்பது அது இல்லை. எங்கள் வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டி 3-2 ஆக்கியபோது நீங்கள் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கண்ணாடி இரண்டு வரிசை கீழே விழுந்ததே, அதுவும் இல்லை. எல்லாம் முடிந்து, பழைய ஆட்டக்காரர்களைக் கறுப்பு டாக்ஸிகளில் கொண்டுவந்து இறக்கி, பாதிச் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிறகு நீங்கள் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தீர்கள். அது என்ன, எப்படி உள்ளே வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இதை வாசிக்கிற சொந்தக்காரரில் ஒருவர் பொலிஸ்.

முழங்காலில் இருந்து கதிரையைக் கழற்றத் தொடங்கினீர்கள். நான் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தேன். கசங்கின தேத்தண்ணிக் கப் ஒன்று, யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, சிந்தின பியர் காய்ந்து பிசுபிசுத்த சீமெந்து. ஒரு போல்ட் எப்படியோ கழன்று வந்தது. மற்றது துருவேறி இறுகிப்போயிருந்தது. நீங்கள் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்ப, கை வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. இரத்தத்தை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டீர்கள்.

“நீ அங்க பதிஞ்சிட்டியோ?”

“இல்லை அண்ணா. இன்னும் யோசிக்கேல்லை.”

பதிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதியில் அதற்கென்று திறந்திருந்த இடத்துக்குத் தனியாகப் போய், எனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமில்லாமல் உங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டு வந்திருந்தேன். வருஷா வருஷம் இரண்டு பேரின் சீசன் டிக்கெட்டையும் நான்தானே புதுப்பித்தேன், உங்கள் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. ஓகஸ்டில் உங்கள் பெயர் போட்ட கார்ட் அம்மாவின் வீட்டுக் கதவுக்குள் விழுந்தபோதுதான் உங்களுக்குத் தெரியவந்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் அந்த இரவே. மன்னியுங்கள்.

ஆனால் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஸ்பானரை என்ன செய்திருப்பீர்கள்? (போச்சு, எழுதிவிட்டேன். ஸ்பானர்தான்.)

கணக்கையும் பாருங்கள். புதிய மைதானத்தில் அந்த முதல் சீசனில் பெரியவருக்கு ஆகக் குறைந்த சீசன் டிக்கெட் 289 பவுண்ஸ், 16 வயதுக்குக் கீழே 99. போலினில் எனக்கு ஒருத்திக்கே அதைவிட எவ்வளவோ கூட. ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பேரை வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்போது கலியாணமும் கட்டவில்லை. சனிக்கிழமை உங்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான்.

வரலாறு படிப்பித்ததும் நீங்கள். 1895இல் தேம்ஸ் அயன்வேர்க்ஸ் கப்பல் பட்டறையின் தொழிலாளர் அணியாகத் தொடங்கி, ஹெர்மிட் ரோட்டில் கொஞ்சம், எங்கள் ஈஸ்ட் ஹாமின் பிரவுனிங் ரோட்டில் கொஞ்சம், 1897இல் மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்று வீடு மாறி வீடு மாறி வந்த கழகம் இது. சின்னத்தில் குறுக்கே இருக்கிற இரண்டு சுத்தியலும் பட்டறையில் ரிவெட் அடித்தவை. போலினே முதலில் கத்தோலிக்கத் திருச்சபையிடம் வாடகைக்கு எடுத்த காணிதான். அங்கே முதல் ஆட்டத்தில் மில்வோலை 3-0 என்று வென்ற அன்றைக்கு, மெமோரியல் கிரவுண்ட்ஸே எனக்குப் போதும் என்று கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்த ஒரு அண்ணன் நிச்சயம் இருந்திருப்பான். அவனுடைய தங்கச்சி என்ன செய்தாளோ.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அது வழியில்லாமல் போனது, இது காசுக்குப் போனது. 99 வருஷக் குத்தகை, தொடக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 25 லட்சம் பவுண்ஸ் வாடகை, மிச்சச் செலவை வரி கட்டுகிற சனம் பார்த்துக்கொள்ளும். அதுவும் சரிதான், நான் மறுக்கவில்லை. போலினில் த்ரோ-இன் எடுக்க வருகிறவன் மூச்சு வாங்குவது கேட்கும். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓட்டப் பாதையின் மேல் பச்சை விரிப்பைப் போட்டார்கள், அப்புறம் கிளாரெட் நிறத்தில் போட்டார்கள், தூரம் மட்டும் குறையவில்லை. மறுபக்கத்தில் விழுகிற கோல் எனக்கு இன்றைக்கும் சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

2018 மார்ச்சில் பேர்ன்லியிடம் 3-0 என்று தோற்ற அன்று நான் உள்ளே இருந்தேன். ஆட்கள் ஆடுகளத்துக்குள் ஓடினார்கள். ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டுபோய் நடு வட்டத்தில் நட்டார். கழக இயக்குநர்கள் இருந்த இடத்துக்குக் கீழே கூட்டம் கூடிக் கத்தியது. பயந்துபோயிருந்த சின்னப் பிள்ளைகளைப் பேர்ன்லியின் மாற்று ஆட்டக்காரர்கள் தங்கள் பெஞ்சில் கூப்பிட்டு இருத்தினார்கள். சின்னவன் என் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு “மாமாவுக்கு ஃபோன் பண்ணுங்கோ” என்றான். பண்ணவில்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்ற மூன்று சொல்லைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை. கொள்கையோடு சோஃபாவில் இருக்கலாம் அண்ணா. அழுகிற பிள்ளையை ரயிலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

இதை இவ்வளவு கடுமையாக எழுத நினைக்கவில்லை. அழிக்கவும் மனமில்லை.

1995இல் என்னை முதன்முதல் கூட்டிக்கொண்டு போனபோது உங்கள் ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தேன். கை விரலுக்கு மேல் ஒரு சாண் தொங்கியது. அப்பாவிடம் டியூஷன் என்று சொன்னோம். (அம்மா, நீங்கள் வாசித்தால்: முப்பது வருஷம் ஆகிவிட்டது, விடுங்கோ.) வீட்டில் பொய் சொல்ல எனக்குப் பழக்கியதே நீங்கள்தான், இப்போது யோசித்தால்.

அப்பாவின் கடைசிக் கிழமையில் ஆஸ்பத்திரி நடையில் நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததை இங்கே எழுத மாட்டேன். அதில் பந்து இருக்கவில்லை. டியூஷன் கதையை எப்போது கண்டுபிடித்தாரோ தெரியாது, அந்தக் கிழமையிலும் அப்பாதான் ஸ்கோர் கேட்டார்.

2023 ஜூன் 7. ப்ராக். ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம். 90ஆவது நிமிஷம் எங்கள் போவன் ஓடத் தொடங்கியபோதே ஃபோனை எடுத்துவிட்டேன். 2-1. 1980க்குப் பிறகு முதல் பெரிய கோப்பை. முதல் மணியிலேயே எடுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அப்புறம் லைன் வெட்டுப்பட்டது. அடுத்த நாள் அது நடக்காத மாதிரி அம்மாவின் பிரஷர் குளிசையைப் பற்றி மெசேஜ் அனுப்பினீர்கள்.

போன கிழமை குவீன்ஸ் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டுத் தெரியாத்தனமாக அந்தப் பக்கம் நடந்துவிட்டேன். மைதானம் இருந்த இடத்தில் எண்ணூறுக்கு மேல் வீடுகள். ஒரு பால்கனியில் சாறம் காய்ந்தது. சந்தியில் 1966 உலகக் கோப்பைச் சிலையில் பொபி மூரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெஃப் ஹேர்ஸ்ட்டும் அந்த எவர்ட்டன்காரன் ரே வில்சனும் நிற்கிறார்கள். எங்கள் கதிரை எந்த மாடியின் உயரத்தில் வந்திருக்கும் என்று நின்று கணக்குப் போட்டேன். மீன் பையிலிருந்து தண்ணி சொட்டிக் கால் நனைந்ததுதான் மிச்சம்.

புதுப்பிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. கதிரை வேண்டுமென்றால் சொல்லுங்கள். வேண்டாமென்றாலும் சொல்லுங்கள், கட்டைவிரலால் இல்லை, வாயால். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் புட்டு. அவவுக்கு முன்னால் இந்தக் கதையை எடுக்க வேண்டாம்.

கழன்று வந்த அந்த ஒரு போல்ட்டைப் போகும்போது என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். தையல் பெட்டியில் பட்டன்களோடு கிடக்கிறது. கேட்டாலும் தரமாட்டேன்.

தங்கச்சி