அட்டமியன்று வந்த கள்ளக்கடல்

அன்புள்ள பெண்கடல்காரனுக்கு,

உன் கடிதம் தை மாதக் கடைசியில் வந்தது. இப்போது சித்திரை நடக்கிறது. இடையில் மூன்று முறை எழுத உட்கார்ந்தேன், மூன்று முறையும் மூக்குக் கண்ணாடியைத் தேடியே பொழுது போயிற்று என்றால் நீ நம்பப் போவதில்லை. ஆகவே சோம்பல் என்றே வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் தன் வழக்கை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. உன் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். மரியாதைகள் முடிந்துவிட்டன, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் என் மானம் போயிற்று. அதை இன்னொருவர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் என்னைப் 'பஞ்சாங்கம்' என்று யார் முதலில் கூப்பிட்டது என்பது உனக்குத் தெரியும், கூப்பிட்டவனே நீதான். அந்தப் பெயரை நாற்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்தேன். பிறையைப் பார்த்து ஏற்றவற்றத்தின் நேரத்தைச் சொல்வேன்; காற்று கச்சானா கொண்டலா, வாடையா சோழகமா என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தே சொல்வேன்; நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கரையில் நின்றபடி ஒரு சுள்ளியை எறிந்து பார்த்துச் சொல்வேன். தம்பி மகன் வள்ளத்தைக் கரையில் எங்கே விடலாம் என்று எப்போதும் என்னிடம்தான் கேட்பான். அன்றைக்கும் கேட்டான்.

அன்று அட்டமி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் உயர்ந்து வற்றம் தாழ்ந்து போவதும், அட்டமி நவமியில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் கடல் சோம்பிக் கிடப்பதும் உனக்குப் புதிதல்ல. எங்கள் கரையில் அமாவாசை ஏற்றவற்றமே ஒரு மீட்டரைத் தொடாது. குஜராத்தின் பவநகரில் பத்து மீட்டர் அளவுக்குக் கடல் ஏறி இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அட்டமியன்று அதிலும் பாதிதான் தேறும். காற்று அறவே இல்லை. கொடிக்கயிற்றில் காயப்போட்ட வேட்டி அசையவில்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் கிடையாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை. காலையில் தம்பி மகனின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள்: கள்ளக்கடல் எச்சரிக்கை, வள்ளங்களை மேலே ஏற்றுங்கள், கரையோரம் நிற்காதீர்கள். அலை உயரம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டேன். ஒரு மீட்டர் சொச்சம் என்றான். "ஒரு மீட்டருக்கா இந்த ஆர்ப்பாட்டம்? வள்ளம் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும்" என்றேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவரும், எண்பது வயதுக் கடல் அனுபவத்தோடு, அதையேதான் சொன்னார். அனுபவம் பேசினால் அறிவிப்பு தோற்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

மாலை ஐந்தரை மணி இருக்கும். நான் வள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் நின்றது. கடற்கரையிலேயே வளர்ந்தவனுக்கு அலைச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் விழும். திரும்பிப் பார்த்தேன். நீர் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். பெரிய வற்றத்தில் மட்டுமே தலைகாட்டும் அந்த மூன்று பாறைகள், நாம் பதினாறு வயதில் சிப்பி பறித்து முழங்கால் கிழித்துக்கொண்டோமே அவைதான், அடிவரைக்கும் பாசியோடு வெளியே தெரிந்தன. பிறகு கடல் வந்தது. சுருண்டு உடைந்து நுரைத்து வருகிற அலை இல்லை அது; பானையில் பால் பொங்கி வருவதைப் போல, மட்டமே உயர்ந்து, மணலின் மேல் ஓடி, ஓடி, நிற்காமல் வந்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, வள்ளம் என் பக்கமாகத் தூக்கிக்கொண்டது. அவன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் வள்ளத்துக்கும் பின்னால் இருந்த கல்லுக்கும் நடுவில் நான் அகப்பட்டிருப்பேன். அதற்குமேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது வர இருபது விநாடி ஆயிற்று. அந்த இருபது விநாடியில் நாங்கள் மேட்டுக்கு ஓடினோம். அவுட்போர்டு எஞ்சினில் உப்புநீர் புகுந்துவிட்டது, வலைகள் மணலில் புதைந்தன, ஒரு வள்ளத்தின் முன்முனையான அணியம் பிளந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. என் செருப்புகள் இரண்டும் போயின. அது அமாவாசையாக இருந்திருந்தால் தண்ணீர் முதல் வரிசை வீடுகளின் அடுப்படி வரைக்கும் போயிருக்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. என் கணக்கு எங்கே தப்பியது என்று உட்கார்ந்து யோசித்தேன். மறுநாள் தம்பி மகளின் உதவியோடு படித்தும் பார்த்தேன். கணக்கு தப்பவில்லை, அதில் ஒரு வரியே விட்டுப்போயிருந்தது. நான் நிலவைப் பார்த்தேன், நம் ஊர்க் காற்றைப் பார்த்தேன். ஆனால் அன்று வந்த கடல் நம் ஊர்க் காற்றால் எழுந்ததே அல்ல. அது தெற்கே, மாலுமிகள் 'முழங்கும் நாற்பதுகள்' என்று சொல்லும் அட்சரேகைகளில், நமக்கு ஐயாயிரம் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஐந்து நாள் முன்னதாக அடித்த புயலின் மிச்சம். குமரி முனைக்குத் தெற்கே அண்டார்க்டிகா வரைக்கும் அந்த அலையை நிறுத்த ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதை நிலப்படத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன், எத்தனை பிள்ளைகளுக்குப் பாடமாகவும் நடத்தியிருப்பேன். அதன் பொருள் அன்று இடுப்பளவு தண்ணீரில்தான் விளங்கிற்று.

புயலடிக்கும் இடத்தில் நெட்டலையும் குட்டையலையும் கலந்து கிடக்கும். அங்கிருந்து கிளம்பிய பிறகு நீளமானவை முந்திக்கொள்ளும், குட்டையானவை வழியிலேயே அடங்கிப்போகும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 8 விநாடி எடுக்கும் அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர். 18 விநாடி எடுப்பதன் நீளமோ ஏறத்தாழ 500 மீட்டர். அத்தகைய அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம் நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் நடந்துவருகிறது. ஐநூறு மீட்டர் நீளத்துக்குள் ஒரே ஒரு மீட்டர் ஏறி இறங்கும் நீரை வள்ளத்தில் இருப்பவன் உணரவே மாட்டான். ஆகவே கடலிலிருந்து அன்று திரும்பிய எவனும் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கு அருகில் தரை தட்டத் தொடங்கியதும்தான் அதன் நீளமெல்லாம் உயரமாக மாறுகிறது, பின்னால் இருக்கும் நீரெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து மேலேறுகிறது. நான் கேட்டது உயரத்தை. கேட்டிருக்க வேண்டியது விநாடியை. ஒரு மீட்டர் என்பது பொய்யில்லை, அது பாதிச் செய்தி, மறுபாதியை நான் கேட்கவில்லை.

கள்ளன் போல் வருவதால் கள்ளக்கடல் என்று நம் பாட்டன்மாரும் கேரளத்து மீனவரும் வைத்த பெயரை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டதாம். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கெனத் தனியாக முன்னறிவிப்புத் தருகிறது. ஐந்து நாள் நடந்துவருகிற கடல் ஆதலால் முன்கூட்டிச் சொல்வது சாத்தியமாகிறது. துறைமுகக் கூண்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை எதை ஏற்றினாலும் அது நம் பக்கத்துக் கடலில் உருவாகும் தாழ்வையும் புயலையும் பற்றிப் பேசுவது. இதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கூண்டைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தது எவ்வளவு பெரிய மடமை என்று பார்.

எங்களுக்கு இன்னொரு சாக்கும் உண்டு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு எங்கள் கரையில் காற்றைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. திரும்பி வராதவர்கள் யார் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து எல்லோருடைய கண்ணும் காற்றிலேயே இருக்கிறது; காற்று இல்லாவிட்டால் பயமில்லை என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. 2024 மே 6ஆம் தேதி இதே குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோன போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. அன்று நான் அதைப் படித்துவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகள், கடல் தெரியாதவர்கள் என்று வருத்தப்பட்டேன். கடல் தெரிந்தவன் என்ன செய்தான் என்பதை இப்போது எழுதிவிட்டேன்.

உனக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. வைகாசி பிறக்கும் முன்பே பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், அவர்களை 'உண்மையான கடலில்' குளிக்க வைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில், வடக்கே அலை அடங்கிய பெண் கடலைப் பார்த்த வாசலில் உட்கார்ந்திருக்கும் நீ, தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அலை பெருத்த ஆண் கடல் இருக்கும்போது, இவ்வளவு தூரம் வந்து அதைக் காட்ட வேண்டுமா என்று வழக்கம்போல் கேலி செய்யலாம்தான். ஆனால் உங்கள் பாக் விரிகுடாப் பக்கத்துக்குத் தீவுகளும் மணல்திட்டுகளும் தெற்கே வேலி போட்டிருக்கின்றன. இந்த நெட்டலை அங்கே வந்து சேர்வதில்லை. உன் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் இடுப்பளவு தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் வாடை எழும்பினால் மட்டும் கோபம். அந்தப் பழக்கத்தில் இங்கே இறங்கினால் என்ன ஆகும் என்பதே என் கவலை.

கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மார்கழியில் உன் வாசலில் கடல் உள்வாங்கியதைப் பார்த்துவிட்டுச் சுனாமி என்று மாடியில் ஏறி உட்கார்ந்தாயே, அது வற்றமும் காற்றும் சேர்ந்து செய்த வேலை. உன் கடலின் அடித்தரை அவ்வளவு தட்டை. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிற தரையில் மட்டம் ஒரு முழம், அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கினாலே நானூறு மீட்டருக்கு மேல் சேறு வெளியே தெரியும். நீர் மணிக்கணக்கில் மெல்லப் போயிற்றா, நிமிடக் கணக்கில் போயிற்றா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மணிக்கணக்கு என்றால் நீ கீழே இறங்கி வரலாம். நிமிடக் கணக்கென்றால் மாடி ஏறியது சரிதான், கேலி செய்யமாட்டேன். இங்கே எனக்கும் அன்று போனது நிமிடத்துக்குள் போனதுதான். பாறை தெரிந்த அந்தக் கணத்தில் ஓடாமல் பழைய சிப்பியை நினைத்து நின்றுகொண்டிருந்தேன்.

வா. கட்டாயம் வா. ஆனால் பௌர்ணமியை ஒட்டி வராதே. வந்தாலும் குமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வேண்டுமானால் காலையிலேயே கிளம்பி ஏமாறாதே, அந்த நாள்களில் காலையில் நீர்மட்டம் தாழ்ந்து படகை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. குளிக்கும் நாளை நான் முடிவு செய்கிறேன். முதலில் அறிவிப்பைப் பார்ப்போம், பிறகு கரையில் நின்று என் பழைய கைக்கடிகாரத்தில் அலைகளை எண்ணுவோம். உடைகிற ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, தொடர்ச்சியாக இருபது அலைகள். எங்கள் கரையில் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு விநாடி வரும். பதினைந்தைத் தாண்டிவிட்டால், கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், பிள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து கிழங்கு தின்பார்கள். எண்ணுகிற வேலையை உன் மூத்த பேத்தியிடம் கொடுத்துவிடலாம். உன்னிடம் கொடுத்தால் பாதியில் யாரோடாவது பேசப் போய்விடுவாய்.

மீன் கேட்டிருந்தாய். கிழக்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. ஆகவே நீ தாமதிக்காமல் வந்தால் மீனுக்குக் குறைவிருக்காது. தம்பி மகனின் எஞ்சின் மட்டும் இன்னும் மெக்கானிக் வீட்டில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. செலவில் பாதியை நான் தருகிறேன் என்றேன். "வேண்டாம் பெரியப்பா" என்றான், முகத்தைப் பார்க்காமல். அவன் வாங்கிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இப்போது வள்ளத்தை எங்கே விடலாம் என்று என்னிடம் கேட்பதில்லை. கைப்பேசியைப் பார்த்துவிட்டு அவனே மேலே ஏற்றிவிடுகிறான். நானும் போய் ஒரு கை கொடுத்துத் தள்ளுகிறேன்.

புறப்படும் நாளை முன்கூட்டியே எழுது.

உன்,
பஞ்சாங்கம்

பின்குறிப்பு: இடது செருப்பு நான்காம் நாள் கிழக்கே ஒரு மைல் தள்ளிக் கரை ஒதுங்கியது. நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது என்பதை மட்டும் அன்று சரியாகச் சொல்லியிருந்தேன்.