விமானிகள் வாங்கிய கதிர்வீச்சுக்குக் கணக்கு வேண்டும்: ஒரு திறந்த மடல்

மொரீஷியஸில் விமானப் போக்குவரத்துக்கும் தொழிலாளர் உடல்நலத்துக்கும் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தந்தையார் இத்தீவிலிருந்து 31 ஆண்டுகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு அலமாரியில் அவருடைய லாக்புக்குகள் ஏழு இருக்கின்றன. புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், இரவில் பறந்த மணிகள் என எல்லாவற்றையும் நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் உடல் வாங்கிய கதிர்வீச்சைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை, வேலை செய்த நிறுவனமும் அதை அவருக்கு ஒருமுறையேனும் தெரிவித்ததில்லை. சென்ற ஆண்டு அவருடைய இடது நெற்றிப்பொட்டில் இருந்த கரும்புள்ளி மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது, மருத்துவர் அந்தக் கணக்கைத்தான் கேட்டார்.

பறந்ததால்தான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. தனியொருவர் விஷயத்தில் அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விமானிகளுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் மெலனோமா வரும் விகிதம் பொதுமக்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. 35,000 அடிக்கு மேலே காற்று மெலிந்துவிடுவதால், விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சான விண்கதிர்கள் கூடுதலாகத் தாக்குகின்றன; பூமத்திய ரேகைப் பக்கம் பூமியின் காந்தப்புலம் தரும் காப்பும், பாரிஸை நோக்கி வடக்கே போகப் போகக் குறைந்துவிடுகிறது. கேப்டனின் இருக்கை இடப்பக்கம்; பக்கக் கண்ணாடி வழியே வெயில் விழுந்தால் அது இடது பொட்டில்தான். வெயில் தாங்காத நாள்களில் செய்தித்தாளை மடித்துப் பக்கக் கண்ணாடியில் செருகிக்கொள்வோம் என்று அப்பா சொல்வார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

விமான ஊழியர் பெறும் விண்கதிரைத் தொழில்வழிக் கதிர்வீச்சாகக் கருத வேண்டும் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990லேயே பரிந்துரைத்தது. ஐரோப்பிய விதிகள் நடக்கும் பக்கத்துத் தீவான ரியூனியனில், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டை (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக்கூடிய ஊழியரின் அளவை நிறுவனம் கணக்கிட்டு அவருக்கே தெரிவிக்க வேண்டும். இரு தீவுகளின் விமானிகளும் பறப்பது ஒரே வானத்தில்தான்.

உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையோ, ஒருவர் பறக்கத் தகுதியானவரா என்பதைத்தான் பார்க்கிறது. உரிமம் போய்விடும் என்ற அச்சத்தில் தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் மறைப்பவர்கள் உண்டு. ஓய்வுக்குப் பின் அந்தப் பரிசோதனையும் நின்றுவிடுகிறது, பல ஆண்டுகள் கழித்து நோய் தலைகாட்டக்கூடிய வயதில்.

ஆகவே, ஓய்வு பெறும் ஒவ்வொரு விமானிக்கும் அவருடைய மொத்தக் கதிர்வீச்சு அளவை எழுத்தில் தரவும், அதன் பின்னும் ஆண்டுதோறும் தோலையும், பல்லாண்டு விமான இரைச்சல் கேட்ட செவியையும் பரிசோதிக்கவும் விதி செய்யுமாறு வேண்டுகிறேன். எந்தத் தடத்தில், எந்த நாளில், எத்தனை மணி நேரம் பறந்தார் என்பது தெரிந்தால் பழைய அளவையும் கணினியில் மதிப்பிட முடியும். முதற்கணக்கு என் தந்தையாருடையதாக இருக்கட்டும். ஏழு லாக்புக்குகளையும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானி ஒருவரின் மகள்,
ரோஸ் ஹில்