சான்றிதழ் இருந்தும் கைமடியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்து ஏழை இளைஞர்களுக்கு இலவசத் தையல் பயிற்சி தருவது நல்ல காரியம். ஆனால் சிங்கர் மெஷினையும் சட்டைத் துணியையும் மட்டும் வைத்துப் பழக்கினால், சான்றிதழ் வாங்கியவரும் பனியன் கம்பெனியில் கைமடியாகத்தான் (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாகத்தான்) நிற்க வேண்டியிருக்கும்.

பனியன் துணி இழுபடும். அதற்கு வேண்டியது, துணியோரத்தைச் சுற்றிப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷினும், மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் பேட்லாக் மெஷினும். நான்கு நூல் ஓவர்லாக்கில் இரண்டு ஊசி, இரண்டு லூப்பர் (நூலைப் பின்னும் கொக்கி). நூல் அறுந்தால் தானே கோக்கத் தெரியாதவரால் கம்பெனியின் தையல் வரிசையில் தாக்குப்பிடிக்க முடியாது. கூர்முனை ஊசி போட்டால் இழை அறுந்து தையலோரம் பொத்தல் விழும், பல சமயம் துவைத்த பிறகுதான் கண்ணில் படும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிதான் சரி. அதையும் சற்றுத் திருப்பி மாட்டினால் தையல் விட்டுவிட்டு விழும். தோள்பட்டைத் தையல் நெளிந்தால் துணியைக் கையால் இழுத்துத் தைத்திருப்பார்கள். இல்லையென்றால் துணியை அடியிலிருந்து நகர்த்தும் முன்பல்லும் பின்பல்லும் நகரும் அளவைத் துணிக்கு ஏற்பத் திருப்பி வைத்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வராது.

முதல் 3 நாள் நூலில்லாமல் காகிதக் கோட்டின் மேல் ஓட்டட்டும். (காகிதம் முனையை மழுக்கும், அந்த ஊசியைத் துணிக்குப் போடாதீர்கள்.) அப்புறம் கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டியது போக மிஞ்சிய துண்டுத் துணி. திருப்பூரில் அது கிலோ கணக்கில் கிடைக்கும்போது புதுத் துணி எதற்கு? அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் சீராக விழுந்த பிறகு தோள், கழுத்துப் பட்டி (ரிப்), கை, சைடு என்று போகலாம். பேட்லாக்கில் கீழ்மடிப்பு கடைசி. மெஷினில் சர்வோ மோட்டார் இருக்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டாரில் பழகிய கால், கம்பெனியில் முதல் மிதியிலேயே தடுமாறும்.

இன்னொன்று காசு. சனிக்கிழமை சம்பளத்தில் ஓடும் வீட்டுப் பிள்ளை, இரண்டு மாதம் வெறுங்கையோடு வர மாட்டான். உதவித்தொகையும் பஸ் காசும் வாரா வாரம் கைக்கு வந்தால்தான் வருகைப் பதிவேடு நிறையும்.

2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தில், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பது விதி. விதி சரிதான். கைமடியாகச் சேர்ந்தவரையும் டெய்லராகச் சேர்ந்தவரையும் ஒரே கணக்கில் எழுதாமல், ஆறாவது மாதம் கம்பெனிக்கே போய், யார் எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துத் தனித்தனியாக எழுத வேண்டும்.

பனியன் தையல் பயிற்சியாளர்கள் சிலர்,
அவிநாசி