ஒரு வாளி தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும்: சவாரிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாட்டுவண்டிச் சவாரிச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த சித்திரையில் ஒரு சவாரித் திடலுக்குப் போயிருந்தேன். எந்தத் திடல் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊரோடு கதை முடிந்துவிடும். ஒரு சோடி ஓடி முடிந்து சனமெல்லாம் வென்ற வண்டிலை நோக்கி ஓடியது. நான் எல்லைக்கோட்டுக்கு அப்பால், மாடுகளை அவிழ்க்கும் பனைகளின் கீழே நின்றேன். வலத்து மாடு வெள்ளை. அதன் பின்தொடையில் மூன்று இடங்களில் இரத்தம் புள்ளியாகக் கசிந்து, ஒன்று மட்டும் கோடாக இறங்கியிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த இளைஞன் குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளி, குழந்தைக்கு மா பூசுவதுபோல் பதமாக அதன்மேல் தடவினான். பிறகு ஒன்றும் தெரியவில்லை. அதே நேரம் ஒலிபெருக்கியில், மாட்டை ஓட்டும் கேட்டிப் பிரம்பில் ஆணி வைத்திருப்பவர்கள் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இரத்தத்தைவிட அவன் கையின் பழக்கம்தான் என்னை உறுத்தியது. முதல் தடவை செய்பவனின் கை அப்படிப் போகாது.

சவாரியை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கொட்டிலிலும் சவாரி மாடு நின்றது. அப்பப்பா விடிய எழும்பினால் முதலில் பார்ப்பது மாட்டின் வாயை. அது படுத்திருந்து அசைபோட்டால் இவர் தேநீர் குடிப்பார். வாய் சும்மா இருந்தால் தேநீர் ஆறிப்போகும். கொட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவார். நலமான மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும் என்பதை, பிற்காலத்தில் கால்நடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் வகுப்பில் படித்தேன். அப்பப்பாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் மாட்டின் நலத்தை மாட்டிடம்தான் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இன்று மாட்டுக்காரரிடம் மாடு எப்படி என்று கேட்டால் தீனிக் கணக்குச் சொல்கிறார். பருத்திக்கொட்டை இவ்வளவு, உழுந்து இவ்வளவு, முட்டை இத்தனை. அது அவர் கொடுத்தது. மாட்டுக்குச் சேர்ந்தது என்ன என்பது வேறு கேள்வி. உலகமும் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. 1965இல் பிரித்தானியாவில் பேராசிரியர் பிரம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்குக்கு எழும்பவும் படுக்கவும் திரும்பவும் உடலை நக்கித் துப்புரவாக்கவும் கால் நீட்டவுமாவது இடம் வேண்டும் என்று எழுதியது. அதிலிருந்து வளர்ந்தவைதான் பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், பயம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலையுமான ‘ஐந்து சுதந்திரங்கள்’. 1994இல் நியூசிலாந்தில் மெலர், ரீட் என்ற இருவர் இன்னொரு படி போனார்கள். தீனி, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, இவையெல்லாம் சேர்ந்து அந்த விலங்கின் மனத்தில் என்ன செய்கின்றன என்று கேட்கச் சொன்னார்கள். அப்பப்பா தேநீரை ஆறவிட்டு நின்றதும் அந்தக் கேள்வியோடுதான்.

உங்களுக்கு இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். 2014 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலைத் தடை செய்தபோது, அதே தீர்ப்பில் மாட்டுவண்டிப் பந்தயமும் அடிபட்டது. நீதிபதிகள் கையிலெடுத்த அளவுகோல் அதே ஐந்து சுதந்திரங்கள். 2017 தையில் ஏறுதழுவலுக்கு ஆதரவாக நல்லூரில் நம் இளைஞர்கள் பதாகையோடு கூடி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அந்த ஆண்டே புதுச் சட்டம் இயற்றியது. 2023இல் அந்தச் சட்டத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பண்பாடு என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து அந்த வழக்கு வெல்லப்படவில்லை. கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகே காளை களத்துக்கு வரும் என்று விதிகளில் எழுத வேண்டியிருந்தது. இங்கே இலங்கையில் 1907இல் வந்த மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் நூறு ரூபாய்த் தண்டம் என்று எழுதிவைத்தது. இன்று அந்தக் காசுக்குத் திடலில் ஒரு சுருள் கச்சான் வாங்கலாம். அதனால்தான் யாரும் பயப்படவில்லை. நாளைக்கு யாராவது நீதிமன்றம் போனால், எங்கள் மாடுகள் நலமாக இருக்கின்றன என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது? வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படங்கள் இருக்கின்றன.

நான் கேட்பது பெரிய செலவில்லை. திடலின் வாசலில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி.

ஒவ்வொரு மாட்டையும் ஓட்டத்துக்கு முன்பும், ஓடிப் பத்து நிமிடம் கழித்தும் பாருங்கள். பின்தொடையை ஈரத்துணியால் ஒரு தரம் துடையுங்கள். புழுதி போகும், துணி பேசும். கழுத்தில் நுகம் அழுத்தும் இடத்தில் மயிர் உதிர்ந்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் நாணயக் கயிறு அறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவுங்கள். வாலை முறுக்கியும் கடித்தும் ஓட்டிய மாடு என்றால், எலும்பு விலகியோ முறிந்தோ ஆறிய இடம் கணுவாகத் தட்டுப்படும். நான் வேலை செய்த காலத்தில் அப்படி மூன்று கணு கொண்ட வாலைத் தொட்டிருக்கிறேன். சொந்தக்காரர் அது பிறவிக் குறை என்றார். பிறவியிலேயே பல் தடம் பதிந்த மாட்டை அன்றுதான் பார்த்தேன்.

மூச்சை எண்ணுங்கள். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் போதும். ஓடி முடித்த உடனே எந்த மாட்டுக்கும் மேல்மூச்சு வாங்கும், அதில் குற்றமில்லை. ஓடுவதற்கு முன், நிழலில் நிற்கும்போதே அறுபதைத் தாண்டினால், வெயில் அந்த மாட்டை ஏற்கெனவே வென்றுவிட்டது. நாக்கைத் தொங்கவிட்டு வாயால் மூச்சு வாங்கும் மாட்டை நுகத்தில் பூட்டவே கூடாது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டி வைப்பது யாருடைய வசதிக்கு என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். பிரதம விருந்தினர் பிந்தி வருகிறார் என்பதற்காக மாடு வெயிலில் நிற்கிறது.

கண்ணையும் பாருங்கள். மிரண்ட மாட்டின் கண்ணில் வெள்ளை கூடுதலாகத் தெரியும் என்பது கிழவர்களுக்குத் தெரிந்த விடயம். 2002இல் நோர்வேயில் பசுக்களின் கண்வெள்ளையை அளந்து, ஏமாற்றத்தில் அது கூடுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடைசியாக, சொந்தக்காரரைக் கேட்டியில்லாமல் முன்பக்கமாக மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். கை நீட்டினால் மோந்து பார்க்கிறதா, நான்கு முழத்துக்கு அப்பாலேயே தலையைத் திருப்பிப் பின்வாங்குகிறதா? ஐரோப்பாவில் பாற்பண்ணைகளை மதிப்பிட இந்தத் தூரத்தையும் அளக்கிறார்கள். முட்டைக் கணக்கு மறைத்துவிடுவதை இந்த நான்கு முழம் காட்டிக்கொடுத்துவிடும்.

யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். சங்கத்தின் உறவுக்காரர் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அரச கால்நடை வைத்தியர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அறிவேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. அங்கே விலங்கு விஞ்ஞானத் துறையும் இருக்கிறது. இரண்டு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். புதுக் காயம் கண்டால் அந்தச் சோடியின் இடம் பறிபோக வேண்டும். எல்லைக்கோட்டை முதலில் தாண்டியிருந்தாலும் பறிபோக வேண்டும். ஒலிபெருக்கி எச்சரிக்கை நூறு தரம் சொல்லியும் நடக்காதது, ஒரு தங்கப் பதக்கம் கைமாறினால் நடக்கும்.

குத்தாமல் மாடு ஓடுமா என்று ஒரு சங்கத்துச் செயலாளர் என்னிடம் சிரித்தபடி கேட்டார். அப்பப்பா ஆணி வைத்ததில்லை. நாக்கால் ஒரு ஒலி எழுப்புவார், கேட்டியைக் காற்றில் விசிறுவார். எப்போதும் வென்றார் என்று சொல்லமாட்டேன். பல தடவை தோற்றார். ஆனால் எல்லோரும் குத்தாமல் ஓட்டினால் எல்லோருக்கும் ஒரே நிலைதானே? இப்போது நீங்கள் பரிசு கொடுப்பது மாட்டின் காலுக்கா, ஆணியின் நீளத்துக்கா என்று உங்களுக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல வளவுகளில் சவாரி மாட்டுக்கு நுளம்புப் புகையும் மணல் படுக்கையும் கிடைக்கின்றன. அதே வளவின் கோடியில் பால்மாடு இரண்டு முழக் கயிற்றில் சாணத்துக்குள் நிற்கிறது. அதற்கு ஒரு சங்கமும் இல்லை. அதைப் பற்றி வேறொரு மடல் எழுத வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த ஒரு விடயத்தை மட்டும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் சவாரியில், ஒரேயொரு திடலில், ஒரேயொரு பிரிவில் செய்து பார்ப்போம். கொப்பியும் துணியும் நான் கொண்டுவருகிறேன். வாளியை நீங்கள் தாருங்கள். அந்த வெள்ளை மாடு வந்தால் அதை முதலில் துடைத்துப் பார்க்க எனக்கு இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடைத் துறை ஊழியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.