மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு: தொகையை மட்டும் பேசாதீர்கள்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஒவ்வொரு சம்பளப் பேச்சுக்கும் நீங்கள் கொண்டுபோவது ஒரே ஒரு தொகையைத்தான்: ஒரு நாள் சம்பளம் எத்தனை ரூபாய். 2019இல் அடிப்படை நாள் சம்பளம் 700 ரூபாய் என்று தோட்டக் கம்பனிகளுடனான கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். 2021இல் அரசாங்கத்தின் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகிக்கொண்டன. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய அரசாங்கம் 1,700 என்றது. வழக்கு, தடையுத்தரவு எல்லாம் தாண்டி செப்டெம்பரில் நின்றது 1,350. 2026 முதல் 1,750 என்கிறார்கள். அதில் 200 அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. கம்பனி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கை வரி கட்டுகிற சனம் கொடுக்கிறது, கடையில் சாமான் வாங்கும் தோட்டத் தொழிலாளி உட்பட!

தொகை கூடியதும் மலையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயிரம் வந்த பிறகு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள். அந்தக் கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். வேலை நாளையும் குறைத்துவிடலாம். அரசாங்க வர்த்தமானியில் ஒரு கணக்கு, சம்பளச் சீட்டில் வேறு கணக்கு.

தேயிலை விலையைக் கொழும்பு ஏலம்தான் தீர்மானிக்கிறது, இதற்கு மேல் கொடுக்க முடியாது என்கின்றன கம்பனிகள். பாதி உண்மை. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. அதுவும் அதே ஏலத்துக்குத்தான் போகிறது. ஆள் கிடைக்காவிட்டால் அவர்கள் கிலோவுக்குக் கூடக் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். ஏல விலை, கூலி எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதைச் சொல்லும். எங்கே நிற்கும் என்பது, தொழிலாளி ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வேறு எங்கே போகலாம் என்பதைப் பொறுத்தது.

பெருந்தோட்டத்திலும் ஆள் தட்டுப்பாடுதானே? பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். பாடப்புத்தகப்படி இந்நேரம் கூலி தானாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மிஞ்சியிருப்பவர்களில் பலர் பிள்ளைகளை, வயதானவர்களை விட்டு நகர முடியாத பெண்கள். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் அதே சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயம் கம்பனியின் கையில் இருக்கிறது. வேலையை விட்டால் கூரை என்னாகும் என்று யோசிக்கிறவர் எப்படிப் பேரம் பேசுவார்? 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது காணிக்கான வழியும் சேர்ந்தே அடைபட்டது. (இதைச் சொன்னால் ‘பழைய கதை’ என்பார்கள். சரி, லயமும் பழையதுதான், அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.)

வீடு கட்ட 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் (காணி அளவு) என்று காணிப் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. புது வீடு கிடைத்தவர்களில்கூடப் பலருக்குக் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கையில் இல்லை. இதை வீடமைப்பு விஷயம் என்று ஒதுக்கிவைக்காதீர்கள். இதுதான் சம்பள விஷயம். தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் செல்லுபடியாகும் உறுதி ஒன்று கையில் இருந்தால், கம்பனிதான் ஆளைத் தேடி வரும்.

அடுத்த பேச்சில் காணி உறுதியை முதலில் வையுங்கள். அப்புறம் நாளுக்கு எத்தனை கிலோ, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொகையை அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை