சாவி யார் கையில், மச்சான்?

ஒட்டுசுட்டான்
தை மாதம்

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதமும் தேயிலைப் பொட்டலமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தேயிலையில் பாதியை அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டா, மீதியைக் கடையில் ஒளித்து வைத்திருக்கிறேன். இங்கே நெல் முற்றிக்கொண்டு வருகிறது. முற்றினால் யானையும் வரும் என்பது உனக்குத் தெரியும். எனவே ஊரில் பாதிப்பேர் இரவில் வயலில், பகலில் தூக்கத்தில்.

தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து இணைய வானொலி தொடங்கப் போகிறேன், உங்கள் ஊர் வானொலிக்கு என்ன மென்பொருள் போட்டீர்கள் என்று கேட்டிருந்தாய். அந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னக் கதை.

அடித்தளம் ஐஸ்காஸ்ட். ஒருவர் அனுப்புகிற ஒலியை வாங்கி, கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்புவது அதன் வேலை. அந்தத் தனிப் பிரதியில்தான் விஷயம் இருக்கிறது. 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் 50 பேர் கேட்டால் நொடிக்கு 3.2 மெகாபிட் வெளியே போகவேண்டும். எங்கள் பக்கத்து இணைப்பு உள்ளே வாங்குவதில் பரவாயில்லை, வெளியே அனுப்புவதில் நொண்டி. அதனால் வெளிநாட்டில் ஒரு சின்ன சேவையகத்தை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்து ஒரே ஒரு பிரதியை அதற்கு அனுப்புகிறோம். பங்கு பிரிக்கிற வேலை அங்கே நடக்கிறது.

அடுத்தது லிக்விட்சோப். பிரான்சில் லியோன் நகரத்து மாணவர்கள் தொடங்கிவைத்த வேலை அது. நேரலை அறுந்தால் பதிவுப் பட்டியலுக்குத் தாவு, அதுவும் இல்லையென்றால் கடைசியாக இந்தக் கோப்பை ஓட்டு என்று வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டால், கரண்ட் போனாலும் வானொலி ஊமையாகாது. இது இரண்டையும் சேர்த்து, உலாவியிலேயே எல்லாவற்றையும் செய்யும்படி கட்டிக் கொடுத்திருப்பது அசுராகாஸ்ட். கட்டளை வரி தெரியாத பிள்ளையும் அரை நாளில் பழகிவிடும். ஒலி வெட்டுவதற்கு ஓடாசிட்டி. எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலம். அவ்வளவுதான்.

தரத்தை மட்டும் கொஞ்சம் யோசித்து வை. 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 58 எம்.பி. அளவில் டேட்டா போகும், 32இல் 14 எம்.பி.தான். ரீலோட் போட்டுக் கேட்கிற சனத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. பேச்சுக்கு 32 போதும், ஓபஸ் முறையில் சுருக்கினால் குரல் தெளிவாகவே இருக்கும். ஆனால் சில பழைய போன்களுக்கு ஓபஸ் ஒத்துவராது, அவற்றுக்காக 64இல் எம்பி3 ஒன்றும் ஓடுகிறது. இரண்டு இணைப்பையும் பக்கத்தில் போட்டுவிட்டோம், அவரவர் வசதிப்படி அழுத்துவார்கள்.

தரத்தைக் குறைத்தபோது ஒரு வேடிக்கையும் கூடவே வந்தது. புதிதாக ஒருவர் இணைந்தால், தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று ஐஸ்காஸ்ட் முதலில் 64 கிலோபைட் ஒலியை ஒரேயடியாகத் தள்ளிவிடும். 128இல் அது நான்கு நொடிப் பேச்சு, 32இல் பதினாறு நொடி. அதற்குமேல் போனும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து வைக்கும். ஆகவே எங்கள் வானொலி எப்போதும் ஊருக்குப் பின்னால்தான் நடக்கிறது. தான்தோன்றீஸ்வரர் கோயில் மணி காதில் விழுந்து, பூசை பார்க்க வந்தவர்கள் கும்பிட்டு நிமிர்ந்த பிறகு, அதே மணி போனில் அடிக்கும். இதனால் நேரம் சொல்வதையே விட்டுவிட்டோம். தொலைபேசியில் பேச வருகிறவரிடம் முதல் வார்த்தையே "றேடியோவை நிப்பாட்டுங்கோ" என்பதுதான். இல்லாவிட்டால் தான் அரை நிமிடம் முன்பு சொன்னதைத் தானே கேட்டுக் குழம்பி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார்கள்.

சரி, இனி நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன். உன் வானொலியின் சாவி யார் கையில் இருக்கப் போகிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் வாசிகசாலைக்குக் கணினிகள் தந்தது. பெயர் வேண்டாம். பயிற்சி, பதாகை, படம் எடுத்தல் எல்லாம் நடந்தது. திட்டம் முடிந்ததும் அலுவலர் மாற்றலாகிப் போனார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கணினிகள் துணி போர்த்தியபடி இருந்தன. கடைசியில் என் கடைக்குத்தான் வந்தன, எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். வன்னிக்கு வந்துபோன திட்டங்களில் பலவற்றின் கதை இதுதான், நீயும் உன் பக்கத்தில் பார்த்திருப்பாய்.

உனக்குப் பக்கத்திலேயே கொத்மலை இருக்கிறது. 1989இல் மகாவலித் திட்டத்தோடு தொடங்கிய சமூக வானொலி. 1999 அளவில் யுனெஸ்கோவின் துணையோடு, கேட்பவர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே பதில் சொன்னார்கள். வீட்டில் இணையம் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய யோசனை! உலகமெங்கும் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனாலும் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான் இருந்தது. சனம் பேசலாம், அலைவரிசை அரசினுடையது. இணையத்தில் எங்களுக்கு அலைவரிசை தேவையில்லை. அதனால் சாவி தானாக எங்கள் கைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதே.

எங்கெங்கே சாவி ஒளிந்திருக்கிறது என்று பார். வானொலியின் இணைய முகவரிப் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? வருடம் தவறாமல் அதைப் புதுப்பிக்கவேண்டும், தவறினால் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். சேவையக வாடகை டொலரில், கடன் அட்டையில். அட்டை யாருடையது? எங்களுக்கு முதலில் வெளிநாட்டில் இருக்கிற ஒரு உறவுக்காரர் கட்டினார். தங்கமான மனிசன். ஆனால் இரண்டாம் மாதமே "ஏன் பழைய சினிமாப் பாட்டுப் போடுறீங்கள் இல்லை?" என்று கேட்டார். காசு தருகிறவர் பாட்டுக் கேட்பது இயல்பு, அவரில் பிழை சொல்லமாட்டேன். பாட்டு விஷயத்தில் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது, 2003இன் 36ஆம் இலக்கம். உரிமை வாங்காமல் சினிமாப் பாட்டு ஓட்டினால் ஒருநாள் யாராவது கடிதம் அனுப்புவார்கள். கூட்டம் வைத்துப் பேசி, வாடகையைச் சனசமூக நிலையத்தின் கணக்குக்கு மாற்றினோம். அவர் இப்போதும் காசு அனுப்புகிறார், நிலையத்துக்கு நன்கொடையாக. ஒலிபரப்பை நிறுத்துகிற பொத்தான் மட்டும் அவரிடம் இல்லை.

அசுராகாஸ்டில் ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனி நேரம் கொடுக்கலாம். செவ்வாய் பின்னேரம் மாதர் சங்கத்து அக்காவின் நேரம் என்றால், அந்த நேரத்தில் அவவின் கணக்கால்தான் உள்ளே வரலாம். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அவருடைய கணக்கை மட்டும் நிறுத்தினால் போதும், வீடு முழுக்கப் பூட்டு மாற்றவேண்டியதில்லை. பெரிய கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, நிலையத்து அலுமாரியில் வைத்திருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறும்போது உறையும் கைமாறும், அன்றே சொற்களும் மாறும். என்னைக் கேட்டால், மென்பொருள் நிறுவுவதைவிட இந்த உறைக்குத்தான் கூடுதல் நேரம் செலவழித்திருக்க வேண்டும் என்பேன். அதோடு மாதத்துக்கு ஒருமுறை முழுக் காப்புப் பிரதி இறக்குகிறோம். இறக்கினால் மட்டும் காணாது, அது எழும்புமா என்றும் பார்க்கவேண்டும். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற இரண்டு பிள்ளைகள் பழைய மடிக்கணினி ஒன்றில் முழு வானொலியையும் திரும்ப எழுப்பிக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. நான் நாளைக்கு இல்லாவிட்டாலும் இது ஓடும்.

யார் கேட்கிறார்கள் என்று கேட்பாய். அதிகம் கேட்கப்படுவது மரண அறிவித்தல். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப்போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் அது வலதுகரை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்காது. அடுத்தது தண்ணீர். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர், என்றைக்குக் குளம் திறப்பது என்று முடிவானதும் அன்று பின்னேரமே கமக்காரர் அமைப்பின் ஆள் ஒருவர் வந்து வாசித்துவிடுவார். ஒருமுறை வாசித்தால் காணாது, மூன்று நாளைக்குத் திரும்பத் திரும்பப் போடவேண்டும்.

இரவு நிகழ்ச்சிதான் நாங்கள் எதிர்பாராதது. வயற்காவலுக்குப் போகிறவர்கள் கொட்டிலில் விடியும்வரை இருப்பார்கள். இரவு டேட்டாவும் மலிவு. கேட்பவர் கணக்கைப் பார்த்தால் விடியற்காலை நாலரைக்கு ஒரு மேடு. வயலில் இத்தனை பேரா என்று யோசித்தோம். பிறகுதான் பிடிபட்டது, அது ரொறன்ரோவில் பின்னேரம் ஆறு மணி, வேலையால் வருகிற நேரம். யானைக்குக் காவல் இருக்கிறவரும் பனிக்குள் பஸ்ஸில் வருகிறவரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு மூத்தவர்களின் குரலைப் போடுகிறோம். அரிவி வெட்டுப் பாட்டு, சூடு மிதித்த கதை, முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தில் வேஷம் கட்டியவர்களின் நினைவுகள். வெட்டு மெஷின் வந்தபிறகு வயலில் பாட்டு இல்லை. பாடத் தெரிந்தவர்களும் மைக்கைக் கண்டதும் வெட்கப்படுகிறார்கள். கையில் ஒரு தாக்கத்தியைக் கொடுத்துவிட்டால் பாட்டு தானாக வருகிறது, இதைச் செய்து பார்.

ஒலிப்பதிவு அறை என்று எதுவும் இல்லை. தகரக் கூரை, மழை வந்தால் கதை முடிந்தது. சேலை நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் உட்கார்த்திப் பேசவைக்கிறோம், எதிரொலி அடங்கிவிடும். பேச்சுத் தொடங்கமுன் பத்து நொடி எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லு. தண்ணீர் மோட்டர் தூரத்தில் இரைகிறது என்றால், அந்தப் பத்து நொடியை ஓடாசிட்டிக்கு மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் கழிக்கலாம். அளவோடு கழி, கூடினால் மனிதக் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருகிறது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. மூத்தவர்களிடம் கூத்தைப் பற்றிக் கேட்கப் போனால் பேச்சு 2009க்குப் போய்விடும், காணாமல் போன பிள்ளையில் போய் நிற்கும். மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். பேசியவர் பிறகு ஒருநாள் தானாகச் சொன்னால் ஒழிய அது ஒலிபரப்பாகாது. ஒலிபரப்பான எதையும் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுப்போம். இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தால் குழுவில் சிலருக்குப் பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை.

இணைய வானொலியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்காதே. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படியொரு இரவில் கரண்டும் போய்ப் போன் கோபுரமும் விழுந்தால் எங்கள் வானொலி யாருக்கும் கேட்காது. தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, சிற்றலையில் செய்தி கேட்டோமே, அந்தப் பெட்டி இதைவிட நம்பகமானது என்று அப்பா இப்போதும் சொல்லுவார். சரியாகத்தான் சொல்லுகிறார். சனசமூக நிலையத்தில் ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினி ஒன்றில் ஐஸ்காஸ்ட் போட்டு, சூரியத் தகட்டில் ஓடவிட்டு, அங்கேயே ஒரு வைஃபையும் வைத்திருக்கிறோம். இணையம் செத்தாலும் நிலையத்துக்குள் தஞ்சம் வந்தவர்களுக்காவது கேட்கும். வெள்ள அறிவித்தலுக்குக் கோயில் ஒலிபெருக்கியை விட்டால் இன்னும் வேறு வழியில்லை.

ஆட்களைப் பற்றி: தொடக்கத்தில் நிறையப் பேர் வருவார்கள், கச்சான் பிடுங்கத் தொடங்கினால் பாதிப்பேர் வரமாட்டார்கள். வராதவர்களைக் குறை சொல்லாமல், கமத்தைப் பார்த்து நிகழ்ச்சி அட்டவணையை மாற்று. கொழுந்து கூடுகிற மாதங்களில் நேரலையைக் குறைத்து, சும்மா இருக்கிற மாதங்களில் பதிவை நிரப்பி வை.

மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன்கூத்து ஆடுவார்கள்தானே? ஆடுகிறவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் ஒரு இரவைப் பதிந்து அனுப்பு. மைக்கைத் தப்பு மேளத்துக்குப் பக்கத்தில் வைக்காதே, அடி விழும்போது ஒலி கிழிந்துவிடும். பாட்டுக்காரர் பக்கம் வை, தப்பு எங்கே இருந்தாலும் தன்பாட்டில் கேட்கும். சுருக்காத வேவ் கோப்பாகவே அனுப்பு. எம்பி3 ஆக்கி அனுப்பினால் இங்கே திரும்ப ஒருமுறை சுருக்கவேண்டி வரும். பெரிய கோப்பாக இருந்தால் பென்டிரைவில் போட்டு பஸ்காரரிடம் கொடு, வவுனியாவில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

இப்படிக்கு,
உன் பழைய அறை நண்பன்